டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கும்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் எவ்வளவு சூடாகலாம்? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவ்ரோலெட் சில்வராடோ 2500 போன்ற டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, தங்கும் வசதியுள்ள டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு மலைப்பாதைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி வரை போகலாம்?" என்பதுதான். எண்களைக் கீழே தருகிறேன். ஆனால் எண் தெரிந்தும் வண்டியைக் கொதிக்கவிட்டுச் சாலையோரத்தில் நிற்பவர்களைக் கோடைதோறும் பார்க்கிறேன். சூடு எல்லைக்கு அருகில் வந்த பிறகுதான் அவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

இழுவையின்போது மூன்று சூடுகள் மூன்று வேகத்தில் ஏறுகின்றன. இன்ஜினிலிருந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயு சில நொடிகளில் ஏறும், மிதியிலிருந்து காலை எடுத்தால் நொடிகளில் இறங்கும். இன்ஜினுக்குள் ஓடி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சில நிமிடங்கள் எடுக்கும். கியர்பாக்ஸ் ஆயில் மெதுவாக ஏறி, ஏறிய பிறகு இறங்க மனமில்லாமல் நிற்கும். இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் எதை எப்போது பார்ப்பது, எதற்கு என்ன செய்வது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

அமெரிக்க வண்டிகளின் திரையில் வருவதுபோல எல்லா எண்களையும் ஃபாரன்ஹீட்டில் தருகிறேன். முக்கியமான இடங்களில் செல்சியஸும் இருக்கும்.

## 1. முதலில் எடை

எடையை மேலே ஏற்ற இன்ஜின் செய்யும் வேலையோடுதான் சூடும் கூடுகிறது. எடை தெரியாமல் வெப்பநிலையைப் பேசிப் பயனில்லை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைக்கான வரம்பு கையேட்டில் இருக்கும். தண்ணீர்த் தொட்டி, துணிமணி, சமையல் சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு, லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி எடை போடுங்கள். விற்பனைத் தாளில் உள்ள டிரெய்லர் எடை காலி டிரெய்லரின் எடை. புதியவர்கள் அதையே நம்பிப் புறப்படுகிறார்கள்.

வரம்பைத் தாண்டியிருந்தால் சாமானை இறக்கிவிட்டு மேலே படியுங்கள்.

## 2. முள்ளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

டேஷ்போர்டில் உள்ள கூலன்ட் முள் நேர்மையானதில்லை. ஓட்டுநர் பதறக்கூடாது என்பதற்காக, ஏறத்தாழ 190 டிகிரியிலிருந்து 220 டிகிரி வரை அது நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. அது நகரத் தொடங்கும்போது உங்களுக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கை நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

இன்றைய பிக்கப்களில் ஸ்டீயரிங் பொத்தான்களால் திறக்கும் சிறு திரையில் கூலன்ட், இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் மூன்றுக்கும் எண் கிடைக்கும். வீட்டு வாசலில் நிற்கும்போதே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து வையுங்கள். பழைய வண்டியானால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி (பழுது கண்டறியும்) பிளக்கில் ஸ்கேன்கேஜ் போன்ற ஒரு சிறு கருவியைச் செருகலாம். எக்ஸாஸ்ட் சூடு பெரும்பாலும் கம்பெனித் திரையில் வராது. அதற்கும் இப்படி ஒரு கருவி தேவை.

எண் வந்ததும் அடுத்து கேட்க வேண்டியது, அதைத் தரும் சென்சார் எங்கே இருக்கிறது என்பது. இங்கேதான் அதிகக் குழப்பம்.

கியர்பாக்ஸ் ஆயிலை அது தேங்கும் அடித்தட்டில் அளந்தால் ஓர் எண் வரும். இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் அளந்தால், கன்வர்ட்டர் வழுக்கும் நேரங்களில் அதைவிடப் பல பத்து டிகிரி கூடுதலாக வரும். எக்ஸாஸ்டும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு முன்னால் அளப்பதும் பின்னால் அளப்பதும் ஒன்றாகாது. பாரம் இழுக்கும்போது டர்போவைச் சுழற்றுவதில் வாயு ஆற்றலை இழப்பதால், பின்னால் 200 முதல் 300 டிகிரி வரை, சில நேரம் அதற்கு மேலும் குறைந்திருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் கம்பெனி சென்சார் டர்போவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதில் 1,100 என்று பார்த்துவிட்டு, "1,250 வரை போகலாமே" என்று மிதிப்பவர், டர்போவுக்கு முன்னால் எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும்.

## 3. காற்றும் திரவமும் சரியாக இருக்கின்றனவா?

வண்டியின் முன்முகத்துக்குப் பின்னால் ஏசி கண்டென்சர், டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கியர்பாக்ஸ் கூலர், ரேடியேட்டர் என்று பல அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முன்னால் இருந்து பார்த்தால் தெரிவது முதல் அடுக்கு மட்டும். அழுக்கு சேர்வது அடுக்குகளுக்கு இடையில். டார்ச் அடித்து மேலிருந்து எட்டிப் பாருங்கள். பூச்சிச் சிறகும் பஞ்சும் தூசியும், கொஞ்சம் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதுவும் சேர்ந்து, சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டிக்கிடக்கும். காலி வண்டிக்கு அது தடையாகத் தெரியாது. பாரத்தோடு ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது அதுவே வண்டியை நிறுத்திவிடும்.

கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தோட்டக் குழாயின் அழுத்தத்திலேயே தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, அழுக்கைவிட மோசமான அடைப்பாகிவிடும்.

கூலன்ட் மட்டத்தை வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். 2011-இல் வந்த ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு தனித்தனிக் கூலன்ட் சுற்றுகள் உண்டு. ஒன்று இன்ஜினுக்கு. குறைந்த வெப்பத்தில் இயங்கும் இரண்டாவது, டர்போக் காற்றையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் குளிர்விக்கிறது. பெரிய தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு பானெட்டை இறக்குபவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அதில் மட்டம் குறைந்தால் இன்ஜின் எண் ஒழுங்காக இருக்கும்போதே கியர்பாக்ஸ் எண் ஏறும். காரணம் தெரியாமல் கியர்பாக்ஸைக் குறை சொல்வார்கள்.

கூலன்ட் தொட்டியின் அழுத்த மூடியையும் விட்டுவிடாதீர்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் கடல்மட்டத்தில் சுமார் 225 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் கொதிநிலை சுமார் 265 டிகிரிக்கு உயர்கிறது. அந்த நாற்பது டிகிரியையும் ஒரு ஸ்பிரிங்தான் பிடித்து வைத்திருக்கிறது. அது தளர்ந்த பழைய மூடியானால் 230 டிகிரியிலேயே கூலன்ட் வெளியே தள்ளும். புது மூடிக்குப் பெரிய செலவில்லை. நீண்ட பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலில் கையேடு சொல்லும் வகையை விட்டு விலகாதீர்கள். ராமின் 68ஆர்எஃப்இ கியர்பாக்ஸுக்கு ஏடிஎஃப்+4, ஃபோர்டின் 6ஆர்140-க்கு மெர்கான் எல்வி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை இருக்கிறது. "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற புட்டியை வைத்து மட்டத்தை நிரப்புவது, சூடு ஏறும் நாளில்தான் தன் விளைவைக் காட்டும்.

## 4. டிரெய்லர் இல்லாமல் ஓட்டி உங்கள் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. என் பார்வையில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

காலி வண்டியைச் சமதள நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைலில் அரைமணி நேரம் ஓட்டி, வெளி வெப்பத்தோடு சேர்த்துக் கூலன்ட், இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் மூன்றையும் எழுதிவையுங்கள். பிறகு டிரெய்லரோடு அதே சாலையில் ஓட்டி மறுபடி எழுதுங்கள். மலையில் ஓர் எண்ணைப் பார்த்து "இது கூடுதலா?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல உங்கள் வண்டியின் இந்தக் குறிப்பைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது.

ஓர் உதாரணம். புதிய கியர்பாக்ஸ்கள் சிலவற்றில் ஆயில் கூலருக்குப் போகும் பாதையை ஒரு தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. ஆயில் குளிர்ந்திருந்தால் எரிபொருள் வீணாகும் என்பதால் காலி வண்டியிலேயே 190, 200 டிகிரிக்கு அருகில் வைத்திருக்கும். பழைய வண்டியில் 165 டிகிரியைப் பார்த்துப் பழகியவர் இதைக் கண்டு அஞ்சி, கூடுதல் கூலர் மாட்டப் புறப்படுகிறார். அந்தப் பணம் வீண்.

இந்தக் குறிப்பு நோயையும் காட்டும். 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் அறிந்த விதி இது: நன்றாகச் சூடான பிறகு, சீரான நெடுஞ்சாலை வேகத்தில், இன்ஜின் ஆயில் கூலன்ட்டைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஆயில் கூலர் அடைபட்டு வருகிறது என்று பொருள். அதன் வழியாகப் போகும் கூலன்ட்தான் அடுத்து ஈஜிஆர் கூலரையும் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை ஆற்றி மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் பகுதி) குளிர்விக்க வேண்டும். அடைப்பு முற்றினால் அதுவும் வெடிக்கும். இங்கே எந்த எண்ணும் தனியாக எல்லையைத் தாண்டவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் செய்தி. மற்ற இன்ஜின்களுக்கு அதே 15 பொருந்தாது. ஆனால் சென்ற ஆண்டு பத்தாக இருந்த வித்தியாசம் இந்த ஆண்டு இருபத்தைந்தானால் எந்த இன்ஜினிலும் விசாரிக்க வேண்டும்.

## 5. எல்லைகள்

கீழே உள்ளவை, மாற்றம் செய்யாத டீசல் பிக்கப்களுக்கான நடைமுறை எல்லைகள். உங்கள் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கூலன்ட். 190 முதல் 215 வரை இயல்பு. நீண்ட ஏற்றத்தில் ஃபேன் முழுவேகத்தில் சுழலும்போது 220, 225 வரை (சுமார் 105 செல்சியஸ்) வருவதில் தவறில்லை. 230-ஐத் தொட்டால் வேகத்தைக் குறையுங்கள். 235-க்கு மேலும் ஏறுகிறது என்றால் நிறுத்த இடம் தேடுங்கள். 240-இல் (சுமார் 115 செல்சியஸ்) வண்டி நின்றிருக்க வேண்டும். கொதிநிலை 265 என்று கணக்கு வைத்து அதுவரை துணியாதீர்கள். சென்சார் காட்டுவது அது இருக்கும் இடத்தின் சூட்டை. சிலிண்டர் தலைக்குள் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய பகுதி அதைவிடச் சூடு. கூலன்ட் முதலில் கொதித்து நீராவிக் குமிழாவது அங்கேதான்.

உயரமும் கொதிநிலையைக் குறைக்கும். மூடி 15 பிஎஸ்ஐ தாங்குவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல். 11,000 அடியில் அந்த அழுத்தமே சுமார் 5 பிஎஸ்ஐ குறைந்துவிடுவதால், கொதிநிலை பத்து டிகிரிக்கு மேல் கீழே வந்துவிடுகிறது.

இன்ஜின் ஆயில். பாரத்தில் கூலன்ட்டைவிடப் பத்து முதல் இருபத்தைந்து டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. 240 வரை கவலையில்லை. 250-இல் (சுமார் 120 செல்சியஸ்) காலைத் தளர்த்துங்கள். 260-இல் நிறுத்துங்கள். டீசல் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சித்தான் அதைக் குளிர்விக்கிறார்கள். ஆயில் சூடேறினால் பிஸ்டனின் பாதுகாப்பும் குறைகிறது.

கியர்பாக்ஸ் ஆயில், அடித்தட்டில் அளந்தது. 170 முதல் 200 வரை நல்ல நிலை. ஏற்றத்தில் 220 வரை பரவாயில்லை. 230-ஐத் தாண்டினால் ஏதாவது மாற்றிச் செய்யுங்கள். 240 (சுமார் 115 செல்சியஸ்) சிறிது நேரத்துக்கு மட்டும். 250 (சுமார் 121 செல்சியஸ்) வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு பழைய கணக்கு உண்டு. 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு இருபது டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது அது. அப்படியானால் 195-இல் பாதி, 215-இல் கால், 235-இல் அரைக்கால். பழைய மினரல் ஆயிலை வைத்துப் பிறந்த கணக்கு அது. இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனாலும் போக்கு உண்மை: சூட்டில் ஆயில் கெட்டு வார்னிஷ் போலப் படியும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும், வழுக்குவதால் மேலும் சூடாகும். ஒரு மணி நேரம் 225-இல் ஏறியதால் கியர்பாக்ஸ் செத்துவிடாது. ஒவ்வொரு பயணத்திலும் அப்படி ஏறினால் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸாஸ்ட், டர்போவுக்கு முன்னால். தொடர்ந்து இழுக்கும்போது 1,250 (சுமார் 675 செல்சியஸ்) என்பது நெடுங்கால வழக்கமான எல்லை. முந்திச் செல்லும் சில நொடிகளுக்கு 1,300 வரை போகலாம். தூய அலுமினியம் 1,220 டிகிரியில் உருகும் என்று படித்துவிட்டு 1,200-ஐப் பார்த்ததும் நடுங்குகிறவர்கள் உண்டு. வாயுவின் சூடும் உலோகத்தின் சூடும் ஒன்றல்ல. அடியிலிருந்து ஆயிலும், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் புதுக்காற்றும் பிஸ்டனைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் நிமிடக்கணக்கில் உயர்ந்த வாயு வீசினால் உலோகம் மெல்ல மெல்ல அந்தச் சூட்டை நோக்கி நகரும். அதனால்தான் நொடிகளுக்கு ஓர் எல்லை, நிமிடங்களுக்கு வேறோர் எல்லை.

சாதாரண சாலையில் போகும்போதே எக்ஸாஸ்ட் எண் திடீரென்று ஏறினால், புகைத்துகள் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் வடிகட்டியின் அருகே 1,000 முதல் 1,100 டிகிரி வருவது அதன் வேலை. சுத்தம் முடியும்வரை ஓட்டுங்கள். பயந்து வண்டியை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். காய்ந்த புல்மீது மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

## 6. ஏற்றத்தின் அடிவாரத்தில் செய்ய வேண்டியவை

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. சில்வர்தார்ன் ஊரிலிருந்து கிழக்கே புறப்பட்டால், சுமார் 8,700 அடியிலிருந்து 11,158 அடிக்கு ஏழு சதவீதம் வரையிலான ஏற்றத்தில் எட்டு மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். இதை மனத்தில் வைத்து இந்தப் படியைச் சொல்கிறேன்.

அடிவாரத்துக்கு முன்பே டோ-ஹால் (பாரம் இழுப்பதற்கான முறை) பொத்தானை அழுத்துங்கள். கியர் சீக்கிரம் மேலே மாறாமல் இருக்கும். ஏழாவது, எட்டாவது என்று ஏறி இறங்கி அலையாது. டார்க் கன்வர்ட்டரும் பூட்டிய நிலையில் நிற்க வாய்ப்பு அதிகம். பூட்டாத கன்வர்ட்டர் ஆயிலைக் கலக்கித்தான் சக்தியைக் கடத்துகிறது. கியர்பாக்ஸ் சூட்டின் பெரும்பகுதி அந்தக் கலக்கலில் பிறப்பது. பூட்டியிருக்கிறதா என்று அறிய, மிதியை லேசாகக் கூட்டிப் பாருங்கள். வண்டி வேகம் கூடாமல் இன்ஜின் சுற்று மட்டும் சட்டென்று எழுந்தால் பூட்டவில்லை.

அடுத்து, ஒரு கியர் குறையுங்கள். புதியவர்கள் அதிகம் மறுக்கும் அறிவுரை இது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் இரைவதைக் கேட்டால் வண்டியைத் துன்புறுத்துவதாக நினைத்து, 1,500 சுற்றில் மிதியை அழுத்திப் பிடித்து ஏறுகிறார்கள். துன்பம் அங்கேதான் இருக்கிறது. வேகம் ஒன்றே என்றால் தேவைப்படும் சக்தியும் ஒன்றே. சுற்று கூடினால் அதே சக்திக்கு ஒவ்வொரு சுற்றிலும் குறைவான டீசல் போதும், உள்ளே போகும் காற்றும் கூடுதல். எக்ஸாஸ்ட் சூடு இறங்குகிறது. தண்ணீர்ப் பம்பும் ஃபேனும் இன்ஜினோடு சுழல்வதால் அவையும் வேகமாக ஓடுகின்றன. ஒரு கியர் குறைத்ததும் எக்ஸாஸ்ட் எண் நூறு டிகிரி போல விழுவதைத் திரையில் நீங்களே பார்க்கலாம்.

மூன்றாவது, வேகத்தை அடிவாரத்திலேயே தீர்மானியுங்கள். டிரெய்லர் இழுவைத் திறனை அளக்க அமெரிக்க நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரநிலையில், அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு அருகில் டேவிஸ் அணை ஏற்றத்தை 100 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, 11.4 மைல் ஏற வேண்டும். பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி மணிக்கு 40 மைலுக்குக் குறையக்கூடாது, இரட்டைச் சக்கர வண்டிக்கு 35 மைல். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. நிறுவனங்களே ஏற்றுக்கொண்ட வேகம் 40. ஆகவே வலது ஓரத் தடத்தில் அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு 45-இல் ஏறுவதில் எந்தக் குறையும் இல்லை. மற்றொன்று, எடை வரம்புக்குள் இருந்தும் உங்கள் வண்டி 45 மைலில், அதைவிட மிதமான வெயிலில் கொதிக்கிறது என்றால் அதற்குப் பழுது இருக்கிறது. மலையைக் குறை சொல்லாமல் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

காற்றின் திசையையும் கவனியுங்கள். பின்னாலிருந்து 25 மைலில் காற்று வீச, நீங்கள் 35 மைலில் ஏறினால் ரேடியேட்டருக்குக் கிடைப்பது 10 மைல் காற்று. அப்போது ஃபேனை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

## 7. ஏறும்போது எதை எப்போது பார்ப்பது

முதல் நிமிடம் எக்ஸாஸ்ட். 1,250-ஐ நெருங்கினால் மிதியைச் சிறிது தளர்த்துங்கள், அல்லது இன்னொரு கியர் இறங்குங்கள். இங்கே சரிசெய்துவிட்டால் கூலன்ட்டின் பிரச்சினையில் பாதி தீர்ந்தது.

அதன் பிறகு கூலன்ட். எண்ணைவிட அது ஏறும் வேகத்தைப் பாருங்கள். 218-இல் அசையாமல் நிற்பது நல்லது. 205-இலிருந்து மைலுக்கு நாலு டிகிரி ஏறிக்கொண்டிருப்பது கெட்டது. உச்சிக்கு ஆறு மைல் இருக்கிறது என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். பல வண்டிகளில் 210-ஐத் தாண்டிய பிறகுதான் ஃபேன் முழுதாகப் பூட்டும். அப்போது முன்பக்கத்திலிருந்து விமானம் கிளம்புவது போல ஓர் இரைச்சல் எழும், எண் ஒன்றிரண்டு நிமிடத்தில் கீழே இறங்கும், இரைச்சல் அடங்கும். மீண்டும் ஏறும், மீண்டும் இரையும். அது ஆரோக்கியமான வண்டி. 225 வந்தும் இரைச்சல் கேட்கவில்லை என்றால் ஃபேன் கிளட்ச் வேலை செய்யவில்லை. அந்த ஏற்றத்தை மெதுவாக முடித்துவிட்டு, அடுத்த மலைக்கு முன் அதை மாற்றுங்கள்.

ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணையுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர், ரேடியேட்டருக்குப் போகும் காற்றைச் சூடாக்கித்தான் அனுப்புகிறது. கலிஃபோர்னியாவின் நீண்ட ஏற்றங்களில் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகளை அரசே வைத்திருப்பது இதனால்தான். அது போதாவிட்டால் ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வேதனைதான். ஆனால் அது ஒரு குட்டி ரேடியேட்டர், ஐந்து டிகிரியாவது இறக்கும்.

கியர்பாக்ஸை ஏற்றத்தின் பாதியிலிருந்து பார்த்தால் போதும். நெடுஞ்சாலை ஏற்றத்தில் கன்வர்ட்டர் பூட்டியிருந்தால் அது 200, 210-ஐ ஒட்டி நின்றுவிடும். அங்கேயும் 230-ஐத் தாண்டுகிறது என்றால் கன்வர்ட்டர் பூட்டவில்லை, அல்லது கூலர் அடைபட்டிருக்கிறது.

## 8. கியர்பாக்ஸின் உண்மையான எதிரி: மெதுவேகம்

பெரிய மலையை 205 டிகிரியில் ஏறி முடித்தவர், முகாம் தளத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி மேட்டில் ஏற்றும்போது 245-ஐப் பார்த்துத் திகைக்கிறார். இதை அடிக்கடி பார்க்கிறேன். ரிவர்ஸில், நடந்து போகும் வேகத்தில், கன்வர்ட்டர் பூட்டுவதே இல்லை. இன்ஜின் தரும் சக்தியில் பெரும்பகுதி ஆயிலைச் சூடாக்குகிறது. முன்னால் காற்றும் வராது.

இதற்கு நல்ல மருந்து, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளில் இருக்கும் ஃபோர்-லோ என்ற மெதுவேகக் கியர். அதில் இன்ஜின் சுலபமாகச் சுற்றும், கன்வர்ட்டர் வழுக்கல் வெகுவாகக் குறையும், மிதியில் நிதானமும் கிடைக்கும். ஜல்லி, மண் தரையில் தயங்காமல் பயன்படுத்துங்கள். காய்ந்த தார், சிமென்ட் தரையில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் வேண்டாம். முன்னும் பின்னும் அச்சுகள் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும்.

பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரால் மேட்டில் தாக்குப்பிடிப்பதை விட்டுவிடுங்கள். போக்குவரத்து நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதைவிட, இடைவெளி விட்டு நின்று, பிறகு ஒரேயடியாக நகருங்கள். நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் நியூட்ரலில் வையுங்கள். டிரைவில் நின்றால் கன்வர்ட்டர் சும்மா நின்றுகொண்டே ஆயிலைக் கலக்கும்.

## 9. எல்லையைத் தாண்டிவிட்டால்

சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்துங்கள். கூலன்ட் கசியவில்லை, நீராவி இல்லை என்றால் இன்ஜினை அணைக்காதீர்கள். பார்க்கில் வைத்து 1,200 முதல் 1,500 சுற்றில் ஓடவிடுங்கள். அணைத்தால் பம்பும் ஃபேனும் நிற்கும். சிலிண்டர் தலையில் தேங்கிய சூடு அங்கே நிற்கும் கூலன்ட்டைக் கொதிக்க வைக்கும். கியர்பாக்ஸுக்கும் இதே வழி: பார்க் அல்லது நியூட்ரலில் சுற்றைக் கூட்டினால் ஆயில் கூலர் வழியாகச் சுழன்று ஆறும்.

நீராவி வந்தாலோ, கீழே ஒழுகினாலோ உடனே அணையுங்கள். கூலன்ட் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சிலிண்டர் தலையை வளைக்கும். அந்த நேரத்தில் எண் திடீரென்று கீழே இறங்கினால் மகிழாதீர்கள். சென்சார் திரவத்தில் நனையாமல் வெறும் ஆவியில் நிற்கிறது, அது சொல்வதில் பொருளில்லை.

கூலன்ட் தொட்டியின் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 230 டிகிரிக் கூலன்ட் அழுத்தத்தில்தான் திரவமாக இருக்கிறது. அழுத்தம் போன நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு திறக்கலாம் என்பதும் வேண்டாம். மேல் ரேடியேட்டர் குழாயைக் கையால் அழுத்தினால் தொய்ந்து கொடுக்கும் வரை காத்திருங்கள். ஒரு மணி நேரமாவது ஆகும்.

## 10. இறக்கமும் நிறுத்தமும்

இறக்கத்தில் டோ-ஹாலையும், எக்ஸாஸ்ட் வாயுவைத் தடுத்து வண்டியின் வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் சேர்த்துப் போடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கும் ஆற்றல் இன்ஜினுக்குள் சூடாகிறது. ஆகவே உச்சியைத் தாண்டியும் கூலன்ட் உடனே இறங்காவிட்டால் பதறத் தேவையில்லை.

ஏற்றத்தின் உச்சியிலோ, சாலையோர நிறுத்தத்திலோ நின்றதும் சாவியைத் திருப்பாதீர்கள். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் 400 டிகிரிக்குக் கீழே வரும்வரை சும்மா ஓடவிடுங்கள். அந்த எண் இல்லாத வண்டியில் மூன்று முதல் ஐந்து நிமிடம். சிவக்கச் சூடேறிய டர்போவில் ஆயில் ஓட்டம் நின்றால், பேரிங்கில் தங்கிய ஆயில் கரியாகிப் படியும்.

நின்ற பிறகு கியர்பாக்ஸ் எண் சிறிது ஏறினால் அது உலோகத்தில் இருந்த சூடு ஆயிலுக்கு இறங்குவது. சில நிமிடத்தில் திரும்பும்.

## 11. ஒருமுறை அதிகம் சூடாகியிருந்தால்

கியர்பாக்ஸ் 250-ஐத் தாண்டிச் சில நிமிடங்களுக்கு மேல் இருந்திருந்தால், ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோல் (டிப்ஸ்டிக்) உள்ள வண்டியில் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். பழுப்பேறி, தீய்ந்த வாசனை வந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அளவுகோல் இல்லாத வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அடித்தட்டைக் கழற்றும்போது அதிலுள்ள காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிற மென்பசை இயல்பு. விரலில் நெருடும் துகள்கள் இருந்தால் அடுத்த பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கூலன்ட் கொதித்து வெளியேறியிருந்தால், ஆறிய பிறகு அதே வகைக் கூலன்ட்டால் நிரப்பி, காற்றை முழுதாக வெளியேற்றி, அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு கலவைகள் விற்கின்றன. அடுத்த சில நாட்கள் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் மட்டத்தைப் பாருங்கள். கீழே ஒழுகாமல் மட்டம் மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கசிவு தடுக்கும் தகடு) அல்லது ஈஜிஆர் கூலர் போயிருக்கலாம்.

பழுது பார்த்து முடிந்ததும் டிரெய்லரை உடனே மாட்டாதீர்கள். நான்காம் படியில் ஓட்டிய அதே சாலையில் காலி வண்டியை ஓட்டி, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் டிரெய்லரோடு ஒருமுறை. அதுவும் பொருந்தினால் மலைக்குப் போகலாம்.